சிரிப்பு என்னும் முதலுதவி

போர்முனை மருத்துவமனைகளில் மருத்துவர்களும் செவிலியர்களும் கேலி பேசித்தான் நிலைகுலையாமல் நின்றார்கள். அந்தக் கேலி எதைக் காப்பாற்றியது? எதைக் காப்பாற்றவில்லை?

ஒரு சங்கத்துக்குப் பொருளாளர் தேவைப்பட்டார். கால்கள் மோசமாக வெந்துபோன ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பணப்பெட்டியோடு அவரால் ஓட முடியாது என்பது அவருடைய தகுதி. செயலாளர் பதவி, விரல்கள் கருகிப்போன ஒருவருக்குக் கிடைத்தது. கூட்டக் குறிப்புகளை நீட்டி முழக்கி எழுதித் தொல்லை கொடுக்க மாட்டார் அல்லவா?

இது துணுக்குத் தோரணமல்ல, நடந்த கதை. ஆண்டு 1941. இடம், இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் ஊரில் உள்ள குயின் விக்டோரியா மருத்துவமனை. விமானம் தீப்பற்றி முகமும் கைகளும் வெந்துபோன விமானப்படை வீரர்கள் அங்கே படுத்திருந்தார்கள். அவர்களுக்குப் புது இமையும் புது மூக்கும் செய்துகொடுத்தவர் நியூசிலாந்தில் பிறந்த ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ. அவர் செய்த அறுவைகளில் பல, முன்னே யாரும் செய்து பார்க்காதவை. அதனால் வீரர்கள் தங்களைச் சோதனைக்கூட விலங்குகள் என்று சொல்லிக்கொண்டு, சங்கத்துக்கு ‘கினி பிக் கிளப்’ என்றே பெயர் வைத்தார்கள். போர் முடிந்தபோது அதில் 649 உறுப்பினர்கள் இருந்தார்கள். தலைவர் யார் தெரியுமா? கத்தி பிடித்த அதே மெக்கிண்டோ.

அந்த வார்டில் பீர் பீப்பாய் இருந்தது. நோயாளிகளுக்கான நீல உடையை மெக்கிண்டோ ஒதுக்கிவிட்டு, ராணுவச் சீருடையிலேயே வீரர்கள் நடமாட இடம் கொடுத்தார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க அஞ்சிய இளைஞனுக்கு, பக்கத்துக் கட்டில்காரன் வீசும் கிண்டல்தான் முதல் மருந்து என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

துன்பம் வரும்போது சிரி என்று வள்ளுவர் சொன்னது நமக்கெல்லாம் மனப்பாடம். தன் காயத்தைப் பார்த்துத் தானே சிரிப்பவனை உலகம் வீரன் என்கிறது. அடுத்தவன் காயத்துக்குத் தையல் போட்டபடியே ஒருவர் சிரித்தால்? அங்கேதான் நமக்கு நெருடுகிறது. போர்க்கள மருத்துவர்களைப் பற்றிய பழைய சங்கடமும் அதுவே. ரத்தம் வழியும் இடத்தில் இவர்களுக்கு எப்படி வாய் வந்தது?

கூடாரத்தில் 80 மணி நேரம்

விடை தேட மிகத் தோதான இடம் கொரியா. 1950 ஜூன் 25 அன்று தொடங்கிய கொரியப் போரில், அமெரிக்க ராணுவம் ‘மாஷ்’ எனப்படும் நடமாடும் அறுவை மருத்துவமனைகளைக் களமிறக்கியது. காயம்பட்டவனைத் தொலைதூர மருத்துவமனைக்கு அனுப்பி வழியில் சாகவிடுவதைவிட, மருத்துவமனையையே அவனிடம் கொண்டுபோகலாம் என்பது திட்டம். கூடாரங்கள், லாரிகள், ஜெனரேட்டர்கள். போர்முனை நகர்ந்தால் மருத்துவமனையும் மூட்டை கட்டிக்கொண்டு பின்னாலேயே நகரும். 60 படுக்கைகளுக்கு என்று வகுக்கப்பட்டது, கொரியாவில் 200 வரை வீங்கியது.

அங்கே வந்து சேர்ந்த மருத்துவர்களில் பலர் மேற்படிப்பை முடித்தும் முடிக்காத இளைஞர்கள். 1950 செப்டம்பரில் மருத்துவர்களைக் கட்டாயமாகப் படைக்கு எடுக்கும் சட்டம் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரசுச் செலவில் படித்துவிட்டுப் போருக்குப் போகாமல் தப்பியவர்கள் பட்டியலில் முதலிடம் பிடித்தார்கள். ராணுவ ஒழுங்கு பழகாதவர்கள், சல்யூட் அடிக்கவே கூச்சப்படுபவர்கள், தையல் மட்டும் தெரிந்தவர்கள். இவர்களிடம் அடங்கிப்போகும் குணத்தை எதிர்பார்ப்பதே வேடிக்கைதான்.

8076-ஆம் மாஷ் மருத்துவமனையில் பணியாற்றிய ஆட்டோ ஏப்பல் என்ற அறுவை மருத்துவர் பின்னாளில் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். வந்து இறங்கியதும் அவர் பார்த்த முதல் ‘ஷிப்ட்’ ஏறக்குறைய 80 மணி நேரம் நீண்டது. ஹெலிகாப்டரின் இருபுறமும் ஸ்ட்ரெச்சரைக் கட்டி ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டே இருந்தார்கள். ஒருவனை முடித்து நிமிர்ந்தால் அடுத்தவன் மேஜையில் கிடப்பான். யாரை முதலில் எடுப்பது, யாரைக் காத்திருக்க வைப்பது, யாரைக் கைவிடுவது என்று நிமிடக் கணக்கில் முடிவெடுக்க வேண்டும். தவறானால் வருந்த நேரமில்லை. சரியானால் மகிழவும் நேரமில்லை. பிழைத்தவனைப் பின்னால் இருக்கும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள், மறுபடி அவன் முகத்தைப் பார்க்கவே முடியாது.

மாஷ் சாதித்தது சாதாரணமல்ல. மருத்துவர் கைக்கு வந்து சேர்ந்த காயம்பட்டவர்களில் இறந்தவர்களின் விகிதம், இரண்டாம் உலகப்போரில் சுமார் 4.5 சதவிகிதம். கொரியாவில் அது சுமார் 2.5 ஆகக் குறைந்தது. முக்கிய ரத்தக்குழாய் அறுந்தால், முந்தைய போரில் ஏறக்குறைய பாதிப் பேர் கையையோ காலையோ இழந்தார்கள். கொரியாவில் அது சுமார் 13 சதவிகிதத்துக்கு வந்தது. காரணம், அறுந்த குழாயை முடிச்சுப் போட்டுவிடு என்ற பழைய வழக்கத்தை மீறி, ஏப்பல் போன்ற இளம் மருத்துவர்கள் அதை ஒட்டுப்போட்டுத் தைக்கத் துணிந்தார்கள்.

மேலதிகாரியைக் கிண்டல் செய்வதும் மேலிடத்து விதியைச் சந்தேகிப்பதும் ஒரே குணத்தின் இரண்டு கிளைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. எல்லோரும் ஒரே மாதிரி பார்க்கும் ஒன்றைக் கொஞ்சம் சாய்த்துப் பார்ப்பவனுக்குத்தான் ஜோக்கும் கிடைக்கும், புது வழியும் கிடைக்கும்.

ரயில் ஓட்டிய ஆம்புலன்ஸ் படை

அதே கொரியாவில் இந்திய மருத்துவர்களும் இருந்தார்கள். ஐ.நா. தரப்புக்குப் படை அனுப்ப நேரு மறுத்தார்; மருத்துவ உதவி அனுப்பச் சம்மதித்தார். 60-ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் 1950 நவம்பரில் பூசானில் இறங்கியது. தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். ‘ஏ’ என்பது ஆற்காடு. 1941-லேயே விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர்.

வந்த சில வாரங்களிலேயே சோதனை. சீனப் படைகள் பாய்ந்து வர, ஐ.நா. படைகள் பியோங்யாங்கை விட்டுப் பின்வாங்கின. இந்திய மருத்துவர்களிடம் லாரி இல்லை. மருத்துவக் கருவிகளை அழித்துவிட்டு ஆட்கள் மட்டும் கிளம்ப வேண்டியதுதான் என்ற நிலை. கருவி இல்லாத மருத்துவமனைக்கு என்ன வேலை? ரங்கராஜின் ஆட்கள் நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் கண்டுபிடித்தார்கள். வரிசையாக நின்று, வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றி எஞ்சினை நிரப்பினார்கள். ரயில் ஓட்டத் தெரிந்தவர்கள் படையிலேயே இருந்தார்கள். பாலம் தகர்க்கப்படுவதற்குள் ஆற்றைக் கடந்தார்கள், அத்தனை கருவிகளோடும்.

1951 மார்ச்சில் முன்சானில் அமெரிக்கப் பாராசூட் படை குதித்தபோது, ரங்கராஜும் இந்திய மருத்துவக் குழுவினர் பதினோரு பேரும் கூடவே குதித்தார்கள். 1954 தொடக்கம்வரை இந்திய ஆம்புலன்ஸ் படை கொரியாவில் இருந்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. பிறகு உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தானிலும் வங்கதேசத்திலும் பெரியம்மையை ஒழிக்கப் பாடுபட்டார்.

போருக்குக் காயம் கட்ட வந்தவர்கள் கரி அள்ளிப்போட்டு ரயில் ஓட்டுகிறார்கள் என்றால், அதைவிடப் பெரிய வேடிக்கை என்ன வேண்டும்? கையை விரித்துவிட வேண்டிய இடத்தில் ‘இதைச் செய்து பார்த்தால் என்ன?’ என்று கேட்கும் துடுக்கு, போர்க்கள மருத்துவத்தின் உயிர்நாடி.

சிரிப்பொலியை நிறுத்திய இடம்

மாஷ் என்ற பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனவரும் ஒரு மருத்துவர்தான். 8055-ஆம் மாஷில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹார்ன்பெர்கர், ஊர் திரும்பி மெய்ன் மாநிலத்தில் நெஞ்சக அறுவை மருத்துவராக இருந்தபடி, ரிச்சர்ட் ஹூக்கர் என்ற புனைபெயரில் 1968-ல் ஒரு நாவல் வெளியிட்டார். 1970-ல் ராபர்ட் ஆல்ட்மன் அதைப் படமாக்கினார். 1972-ல் தொலைக்காட்சித் தொடராக வந்தது. மூன்று வருடப் போரைப் பதினோரு வருடம் ஓட்டினார்கள். 1983 பிப்ரவரி 28 அன்று ஒளிபரப்பான கடைசிப் பகுதியை அமெரிக்காவில் 10 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள்.

தொடரை உருவாக்கியவர்கள் கொரியாவில் பணியாற்றிய மருத்துவர்களையும் செவிலியர்களையும் தேடிப்பிடித்துப் பேட்டி கண்டார்கள். அந்த அனுபவங்களிலிருந்து பல கதைகள் பிறந்தன. ஹார்ன்பெர்கருக்கு அந்தத் தொடர் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்; தன் கதை போர் எதிர்ப்புப் பிரசாரமாக மாறிவிட்டதாக அவர் நினைத்தார்.

அந்தக் காலத்து வழக்கப்படி, நகைச்சுவைத் தொடர் என்றால் பின்னணியில் பதிவுசெய்த சிரிப்பொலி இருந்தே ஆக வேண்டும் என்று சி.பி.எஸ். நிறுவனம் பிடிவாதம் பிடித்தது. எழுத்தாளர் லாரி கெல்பார்ட்டுக்கு அதில் உடன்பாடில்லை. பேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: அறுவைக் கூடாரக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி கிடையாது. அங்கேயும் பாத்திரங்கள் ஜோக் அடிப்பார்கள். ஆனால் பார்ப்பவனைச் சிரிக்கச் சொல்லி யாரும் தூண்ட மாட்டார்கள். பிரிட்டனில் பி.பி.சி. சிரிப்பொலியே இல்லாமல் ஒளிபரப்பியது.

வியாபாரப் பேரத்தில் பிறந்தாலும் நுட்பமான முடிவு அது. அறுவை மேஜையருகே பேசப்படும் ஜோக்குக்குப் பார்வையாளர்கள் கிடையாது. அது கைதட்டலுக்காகப் பேசப்படுவதில்லை. மயக்க மருந்து கொடுப்பவர், கருவி எடுத்துக்கொடுக்கும் செவிலியர், எதிரே நிற்கும் இன்னொரு மருத்துவர் ஆகிய மூவருக்கு மட்டுமே அது. வெளியே எடுத்துப்போனால் கொடூரமாகக் கேட்கும். உள்ளே, ‘நான் இன்னும் நிற்கிறேன், நீ நிற்கிறாயா?’ என்ற விசாரிப்பாக வேலை செய்யும்.

மனம் செய்யும் தந்திரம்

இந்தத் தந்திரத்தை மனவியல் வெகுநாளாக ஆராய்கிறது. ஃபிராய்டு 1927-ல் நகைச்சுவை பற்றி எழுதிய கட்டுரையில், திங்கட்கிழமை தூக்குமேடைக்கு நடத்திச் செல்லப்படும் கைதி, இந்த வாரம் அருமையாகத் தொடங்குகிறது என்று சொல்வதை உதாரணம் காட்டினார். யதார்த்தம் என்னைக் காயப்படுத்த அனுமதிக்க மாட்டேன் என்று மனம் முறுக்கிக்கொள்வதாக அதற்கு அவர் விளக்கம் சொன்னார். நாஜிப் பிடியில் இருந்த செக்கோஸ்லோவாகியாவில் மக்கள் பேசிக்கொண்ட ஜோக்குகளைத் தொகுத்து, சமூகவியலாளர் அன்டனின் ஓப்ர்டிலிக் 1942-ல் ஒரு கட்டுரை எழுதினார். தூக்குமர நகைச்சுவை ஒரு சமூகத்தின் மன உறுதிக்கு அளவுகோல் என்பது அவர் கண்ட முடிவு.

விக்டர் ஃபிராங்க்ல் சொல்லும் சம்பவம் நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். மனநல மருத்துவரான அவர் நாஜி வதைமுகாமில், ஓர் அறுவை மருத்துவரோடு கட்டட வேலை செய்தார். தினமும் ஒரு வேடிக்கைக் கதையாவது கற்பனை செய்ய வேண்டும், விடுதலைக்குப் பிறகு நடப்பதாக அது இருக்க வேண்டும் என்று இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். மேலாளர் வருகிறார் என்றால் மேஸ்திரி கைதிகளைப் பார்த்து ‘வேகம், வேகம்’ என்று கத்துவது முகாம் வழக்கம். நீ ஊருக்குப் போய்ப் பெரிய வயிற்று அறுவை ஒன்று செய்துகொண்டிருக்கும்போது, தலைமை மருத்துவர் வருகிறார் என்று உன் உதவியாளன் ஓடிவந்து அதேபோலக் கத்தப்போகிறான் என்று ஃபிராங்க்ல் நண்பரைச் சீண்டினார். அந்தக் கேலிக்குள் ஒரு வாக்குறுதி ஒளிந்திருக்கிறது: நீ உயிரோடு திரும்புவாய், மறுபடி கத்தி பிடிப்பாய்.

உடலும் இதற்கு ஒத்துழைக்கிறது. ராபின் டன்பார் குழுவினர் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், மற்றவர்களோடு சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தவர்களுக்கு வலியைத் தாங்கும் அளவு கூடியிருந்தது. மூளை சுரக்கும் எண்டார்ஃபின்தான் காரணம் என்பது அவர்களின் கருத்து.

ராணுவ மனநல மருத்துவத்தில் ஒரு பழைய பாடம் உண்டு. முதல் உலகப்போரில் தாமஸ் சால்மன் என்ற அமெரிக்க மருத்துவர், மனம் உடைந்த வீரனைத் தொலைவுக்கு அனுப்பாதே என்றார். போர்முனைக்கு அருகிலேயே வைத்துப் பார், தாமதிக்காமல் பார், சீக்கிரம் உன் ஆட்களிடம் திரும்பிவிடுவாய் என்ற எதிர்பார்ப்பை அவனுக்குள் விதை என்பது அவருடைய முறை. இடையில் மறக்கப்பட்ட அந்த முறையைக் கொரியாவில் மீட்டெடுத்து நடத்தியவர் கர்னல் ஆல்பர்ட் கிளாஸ்.

அந்த மூன்று விதிகளையும் அறுவைக் கூடாரத்துக் கேலியோடு பொருத்திப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் சொல்கிறார். அந்தக் கணமே சொல்கிறார். சொல்லிவிட்டு, ‘சரி, அடுத்த ஆளைக் கொண்டுவா’ என்கிறார். வீரர்களுக்கு ராணுவம் ஏற்பாடு செய்த சிகிச்சையை மருத்துவர்கள் தமக்குத் தாமே, மருந்தும் சீட்டும் இல்லாமல் கொடுத்துக்கொண்டார்கள்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

எல்லாச் சிரிப்பும் மருந்தாகிவிடாது. கனடா உளவியலாளர் ராட் மார்ட்டினும் சக ஆய்வாளர்களும் 2003-ல் நகைச்சுவையை நான்காகப் பிரித்தார்கள். மற்றவர்களை இணைப்பது ஒன்று, தனக்குத் தெம்பூட்டிக்கொள்வது இன்னொன்று. பிறரைக் குத்துவது மூன்றாவது, தன்னையே தாழ்த்திக்கொள்வது நான்காவது. முதல் இரண்டும் மனநலத்தோடு கைகோத்துப் போகின்றன. மற்ற இரண்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

கொரியப் போரில் 500-க்கும் மேற்பட்ட அமெரிக்க ராணுவச் செவிலியர்கள் பணியாற்றினார்கள். மருத்துவர்கள் பட்ட அத்தனையும் அவர்களும் பட்டார்கள். ஆனால் ஹார்ன்பெர்கரின் நாவலிலும் ஆல்ட்மனின் படத்திலும் தலைமைச் செவிலியர்தான் ஆண்களின் கேலிக்குப் பலியாடு. அவர் குளிக்கும் கூடாரத்தின் திரையைத் தூக்கி எல்லோர் முன்னும் அவமானப்படுத்துவதைப் படம் பெரிய ஜோக்காகக் காட்டுகிறது. இன்று அதைப் பார்த்துச் சிரிப்பது கடினம். போரின் அழுத்தத்தை இறக்கிவைக்கிறோம் என்ற பெயரில், பக்கத்தில் அதே அழுத்தத்தைச் சுமப்பவர் மேலேயே அதை ஏற்றி வைத்தார்கள். தொலைக்காட்சித் தொடர் போகப்போக அந்தப் பாத்திரத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துத் திருத்திக்கொண்டது.

ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் வெந்த காலைப் பற்றிய ஜோக்கை, வெந்த உடம்புக்காரர்களே உருவாக்கினார்கள். லண்டன் வாண்ட்ஸ்வொர்த்தில் இருந்த மூன்றாவது லண்டன் பொது மருத்துவமனையிலும் அப்படியே. முதல் உலகப்போரில் அங்கே உதவியாளர்களாகச் சேர்ந்தவர்களில் ஓவியர்களும் சிற்பிகளும் இருந்தார்கள். 1915 முதல் மருத்துவமனைக்கென்று ஒரு மாத இதழ் நடத்தி, தரை துடைப்பது தொடங்கித் தங்கள் பாட்டைத் தாங்களே கார்ட்டூன் போட்டுச் சிரித்தார்கள். முகம் சிதைந்த வீரர்களுக்குச் சிற்பி ஃபிரான்சிஸ் டெர்வென்ட் வுட் மெல்லிய உலோக முகமூடி செய்துகொடுத்த பிரிவுக்கு, வீரர்கள் வைத்த பெயர் ‘தகர மூக்குக் கடை’.

காயம்பட்டவன் தன் காயத்தைக் கேலி செய்யலாம். உடன் நிற்பவனைச் சேர்த்துக்கொள்ளலாம். மருத்துவர் தன் களைப்பை, தன் அதிகாரியை, தன்னை இங்கே அனுப்பிவைத்த போரைக் கேலி செய்யலாம். மேஜையில் மயங்கிக் கிடப்பவன், பதிலுக்கு வாய்திறக்க முடியாத இளநிலை ஊழியர், வெளியே காத்திருக்கும் தாய் இவர்கள்மேல் அது பாய்ந்தால், அந்த நிமிடமே கேலி கொடுமையாகிவிடுகிறது.

கேலிக்காரனும் உடைந்தான்

இன்னொரு எல்லையும் உண்டு. மாஷ் தொடரில் வாய் ஓயாமல் ஜோக் அடிக்கும் மருத்துவர் ஹாக்கை. கடைசிப் பகுதியின் தொடக்கத்தில் அவரை மனநல மருத்துவமனையில் பார்க்கிறோம். எதிரிகள் அருகில் இருக்கும்போது, பேருந்தில் ஒரு பெண் தன் கோழி சத்தம் போடாமலிருக்க அதை நெரித்துவிட்டதாக அவருக்கு நினைவு. மெல்ல மெல்ல உண்மை வெளிவருகிறது. அது கோழி அல்ல, அவளுடைய குழந்தை. இத்தனை வருடம் எல்லோரையும் சிரிப்பால் தாங்கியவரின் மனம், ஒரு கட்டத்தில் உண்மையையே மாற்றி ஒளித்துவைத்துவிட்டது. நகைச்சுவைத் தொடர் ஒன்று, நகைச்சுவையின் போதாமையை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது அபூர்வம்.

கற்பனைக் கதைதான், ஆனாலும் கணக்கு சரி. சால்மன், கிளாஸ் முறையின் நோக்கமே வீரனைக் களத்துக்குத் திருப்பி அனுப்புவது. அவன் ஊர் திரும்பிய பிறகு இருபது வருடம் கழித்து நள்ளிரவில் என்ன ஆகிறான் என்பதற்கு அது பொறுப்பேற்கவில்லை. கேலியும் அப்படியே. அடுத்த அறுவைவரை தாங்கும், அடுத்த பத்தாண்டுக்குத் தாங்காது. அதனால்தான் கொரியாவில் மனநல மருத்துவத்தோடு, ஆட்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் வீட்டுக்கு அனுப்பும் சுழற்சி முறையும் வந்தது. தூக்கம், ஓய்வு, மாற்று ஆள், ஊர் திரும்பும் தேதி இவை இருக்கும் இடத்தில் சிரிப்பு துணை மருந்து. இவை இல்லாத இடத்தில், ‘நம் ஆட்கள் எப்போதும் கலகலப்பாக இருப்பார்கள்’ என்று நிர்வாகம் பெருமைப்பட்டால், அது ஊழியரின் மன உறுதியைச் சுரண்டிச் செலவை மிச்சப்படுத்துகிறது என்று அர்த்தம்.

கடைசி மாஷ் மருத்துவமனை 2006-ல் கலைக்கப்பட்டது. போர்கள் கலையவில்லை. மருத்துவமனைகளையும் மருத்துவ ஊழியர்களையும் தாக்குவதைக் கண்டித்து ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2016 மே மாதம் 2286-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதற்குப் பிறகும் உக்ரைனில், காஸாவில், சூடானில் மருத்துவமனைகள் தாக்கப்பட்டிருக்கின்றன. அந்த இடிபாடுகளுக்கு நடுவே வேலை செய்பவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்ளும் படமோ காணொளியோ உங்கள் கண்ணில் பட்டால் முகம் சுளிக்காதீர்கள். அவர்கள் தங்களுக்கு முதலுதவி செய்துகொள்கிறார்கள். முதலுதவிக்குப் பிறகு தர வேண்டிய சிகிச்சையை, அதாவது பாதுகாப்பையும் ஓய்வையும், அவர்களால் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்ள முடியாது. அது அரசுகளின் கடமை. அதை உரக்கக் கேட்பது நம் கடமை.